கட்டைவிரலுக்கு எட்டும் சுவிட்ச்

"உங்கப்பா என் கல்யாணத்தக் கெடுத்துட்டாரு" என்றார் குழைக்காதன்.

பியூலா கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள். ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் பாஸ்போர்ட் போட்டோ கேட்பார்கள். ஆல்பம் எப்போது கிடைக்கும் என்று சண்டை போடுவார்கள். இந்த மாதிரிப் புகாரோடு யாரும் வந்ததில்லை.

"எந்தக் கல்யாணம் அண்ணாச்சி?"

"எனக்கு நடந்ததே ஒரு கல்யாணம்தான். உங்கப்பாதான் வீடியோ எடுத்தாரு. கேசட்டு முழுக்க என் பொஞ்சாதி ஒரு இடத்துல கூட என்னப் பாக்கல."

"அதுக்கு எங்கப்பா என்ன செய்வாரு?"

"லைட்டு! அவரு லைட்டுதான் காரணம். அந்த வெளிச்சத்துல யாரு கண்ணத் தொறக்க முடியும்?"

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. இப்ப அத மாத்தி எடுத்துத் தரணுமா?"

"மாத்த முடியாது. அவ போயிட்டா."

பியூலா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

*

குழைக்காதன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்த மனுஷன். தன் கல்யாண வீடியோவில் வெளிச்சம் சரியில்லை என்ற குறையோடு காலம் தள்ளியிருக்கிறார்.

அவருக்கும் அவர் மனைவி வடிவுக்கும் ஒரு நிரந்தர வழக்கு இருந்தது.

"கல்யாணத்தன்னைக்கு நீ என்ன ஏறெடுத்துக் கூடப் பாக்கலியே" என்பார் இவர்.

"பாத்தேன்" என்பாள் வடிவு.

"கேசட்டப் போடவா?"

"போடுங்க. நான் பாத்தேன்."

போடுவார். கேசட்டில் வடிவு தலையைக் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெயிலில் நிற்க வைத்த பிள்ளை மாதிரி இருப்பாள். தாலி கட்டும்போது அப்படி, மாலை மாற்றும்போது அப்படி, மெட்டி போடும்போதும் அப்படியேதான்.

"எங்க பாத்த? காட்டு."

"பாத்தேன்னா பாத்தேன்." அவ்வளவுதான். அடுக்களைக்குப் போய்விடுவாள்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்த விசாரணை நடக்கும். கேசட் எப்போதும் அவர் பக்கம்தான் சாட்சி சொல்லும். அவர் ஜெயித்த சந்தோஷத்தில் காபி கேட்பார். அவளும் தோற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாமல் போட்டுக் கொடுப்பாள்.

போன மழைக்காலத்தில் வடிவு போய்விட்டாள். இப்போது அவர் ஜெயித்து என்ன பிரயோஜனம்? வாதாட எதிரே ஆள் இல்லை.

*

"இப்ப எதுக்கு வந்துருக்கீய?" என்று கேட்டாள் பியூலா.

"வடிவோட தங்கச்சி மக, கோதைன்னு பேரு. தையில கல்யாணம். அப்படியே வடிவு முகம். கேமரா வாங்கிட்டேன். நாந்தான் எடுப்பேன்னு அடம்பிடிச்சுச் சம்மதமும் வாங்கியிருக்கேன்."

"சரி."

"அந்தப் பிள்ள மாப்பிள்ளையப் பாக்குறது வீடியோவுல விழணும். நாளைக்கு அவன் என்ன மாதிரிக் கேள்வி கேட்டு அவள நோகடிக்கக் கூடாது. அது மட்டும் விழலைன்னா கேமராவத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன்."

"அதுக்கு?"

"எந்த லைட்டு வாங்கணும்? கேமரா மேல மாட்டுற லைட்டு, பேட்டரில எரியுமே, அது. கடையில வகை வகையா வச்சிருக்கான். வெள்ளையாங்கான், மஞ்சளாங்கான். எது நல்லதுன்னு ஒரு பேரு சொல்லுங்க, போயிடுதேன்."

முன் பின் தெரியாத பெண்ணை அவர் அப்போதே 'நீங்க' என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவள் அவரைவிட ரொம்ப இளையவள். ஆனால் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைப் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

குருவோ கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டீயளா?"

"இல்ல."

இரண்டு எலுமிச்சை சாதப் பொட்டலம் வாங்கி வரச் சொன்னாள். வந்தது. அவர் முன்னால் ஒன்றைப் பிரித்து வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து இருப்பதிலேயே பெரிய லைட்டை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் போட்டாள்.

"சாப்பிடுங்க."

அவர் ஒரு வாய் எடுத்தார். கை வாய்க்குப் போகவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்தார். மீசையைத் துடைத்தார். ஒருவழியாக வாயில் போட்டு, வாயை மூடிக்கொண்டே மெல்லப் பார்த்தார். சோறு தொண்டையில் நின்றது.

"எப்படிம்மா சாப்பிட?"

அணைத்தாள். அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

"புரிஞ்சுபோச்சு" என்றார் கையைக் கழுவிக்கொண்டே. "பெரிய லைட்டு ஆகாது. சின்னதா வாங்கணும். அதானே?"

"சோறு நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை ஒரு ரிசப்ஷன் இருக்கு. வாங்க."

*

ஞாயிற்றுக்கிழமை அவர் புதுச் சட்டையோடு மண்டபத்துக்கு வந்தார். பியூலாவின் ஆட்கள் ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பியூலா அவர் கையில் ஒரு சின்ன லைட்டைக் கொடுத்தாள். கைப்பிடியில் பொருத்தியிருந்தது. மேலே வெண்மையாக ஒரு தாள் ஒட்டி, வெளிச்சத்தை மென்மையாக்கியிருந்தாள்.

"கேமரா?" என்றார்.

"கேமரா வேண்டாம். லைட்ட மட்டும் போட்டுக்கிட்டு மண்டபத்த ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

"வெறும் லைட்டோடயா? கிறுக்கன்னு நினைப்பாங்களே!"

"போங்க அண்ணாச்சி."

போனார். கூச்சம் பிடுங்கித் தின்றது. முதல் வரிசையில் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் மேல் வெளிச்சம் பட்டதும் பேச்சு நின்றது. வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். எல்லார் கையும் மடிக்குப் போனது.

பந்தியில் ஒருவர் கடித்த வடையை இலையில் வைத்துவிட்டு நேரே பார்த்தார். இவர் நகரும் வரை அந்த வடையைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் வாயில் இருந்ததை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

ஒரு தாய்மாமன் எல்லோரையும் ஒதுக்கிவிட்டு வரிசையாக நிறுத்தினார். "இப்ப எடுங்க" என்றார். குழைக்காதன் எடுக்க என்ன இருக்கிறது? லைட்டை இடமிருந்து வலமாக நகர்த்தினார். அவர்கள் திருப்தியாகக் கலைந்தார்கள்.

மேடையில் மாப்பிள்ளை பெண்ணிடம் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தான். வெளிச்சம் வந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நிமிர்ந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய படம் மாதிரி ஆனார்கள்.

திரும்பி வந்து பியூலாவிடம் லைட்டைக் கொடுத்தார்.

"கேமரா எங்கன்னு யாராவது கேட்டாவளா?"

அவர் யோசித்தார்.

"ஒருத்தரும் கேக்கல."

"சரி. புதன்கிழமை இன்னொரு கல்யாணம். அன்னைக்குக் கேமராவ மட்டும் கொண்டாங்க."

"லைட்டு?"

"அது இங்கயே இருக்கட்டும்."

*

புதன்கிழமை சாயங்காலம் அவர் ஸ்டுடியோ படியேறி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"மதிக்கலம்மா. ஒரு ஆளுகூட என்ன மதிக்கல."

"என்ன ஆச்சு?"

"என்னத் தாண்டித் தாண்டிப் போறாவ. ஒருத்தர் என் தோளப் பிடிச்சு, 'செத்த ஓரமா நில்லும்'ங்காரு. இன்னொருத்தர், 'எப்ப ஆரம்பிப்பீரு?'ன்னு கேக்காரு. நான் ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு!"

"எங்க, காட்டுங்க."

போட்டுப் பார்த்தார்கள். படம் மங்கல். முகத்திலெல்லாம் புள்ளி புள்ளியாக ஆடியது. பெண்ணுடைய அப்பா தூணில் சாய்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான். இரண்டு அக்கா தங்கைகள் ஒரு முழம் பூவுக்காகச் சிணுங்கி, பிறகு ஒருத்தி தலையில் இன்னொருத்தி வைத்துவிட்டாள்.

பியூலா கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"குப்பை" என்றார் குழைக்காதன். "அழிச்சிருவோம்."

"அழிக்காதீய."

"பின்ன என்னம்மா செய்ய? லைட்டு போட்டா எல்லாரும் பொம்ம மாதிரி நிக்காவ. போடலைன்னா ஆளே தெரியல. எனக்குக் கோதை முகமும் தெரியணும், அவ அவளா இருக்கவும் வேணும். அதுக்கு ஏத்த லைட்டு எந்தக் கம்பெனில செய்யுதான்? அத மட்டும் சொல்லுங்க. நான் எத்தன நாளு நடக்க?"

குரலில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் பயமும் இருந்தது. தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"உங்க கல்யாணக் கேசட்டு இருக்கா?" என்றாள் பியூலா.

"இருக்கு. எதுக்கு?"

"முழுசாப் பாத்துருக்கீயளா?"

"மனப்பாடம்மா. எந்த இடத்துல எந்த மாமா தும்முவாருன்னு சொல்லுவேன்."

"கொண்டாங்க."

*

கேசட்டை அவர் துணிப்பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். உறையில் பியூலாவின் அப்பா சமாதானத்தின் கையெழுத்து. பழைய கேசட்டுகளை மாற்றிக் கொடுப்பதற்காக ஸ்டுடியோவில் ஒரு டெக் இன்னும் இருந்தது. கேசட் உள்ளே போய் உட்காரும் அந்தச் சத்தம் கேட்டதும் குழைக்காதன் முகம் மாறிவிட்டது.

"இது வந்த அன்னைக்கு எங்க தெருவே வீட்டுல இருந்துச்சு" என்றார். "டெக்கு வாடகைக்கு எடுத்தோம். எடம் பத்தல. ஜன்னல்ல ஏறி நின்னு பாத்தாவ. அவங்கவங்க வாற எடத்துல அவங்கவங்க ஒரு சத்தம். ரிமோட்டு என் மச்சினன் கையில. உங்கப்பா வீடியோவுல அங்கங்க இருட்டா வருமே, அந்த எடம் வந்தா எல்லாரும், 'ஓட்டு, ஓட்டு'ன்னு கத்துவோம். அவன் ஓட்டுவான். வடிவு கதவுக்குப் பின்னால நின்னு சிரிப்பா. காலையில மிச்சம் பிடிச்ச பலகாரத்த எல்லாருக்கும் கொடுத்தா. என்னா ஒரு நாளு அது!"

"அப்பாவ ஊர்ல 'இருட்டு சமாதானம்'னு சொல்லுவாவ" என்றாள் பியூலா. "தெரியுமா?"

"தெரியும். நானும் சொல்லியிருக்கேன்."

படம் ஓடியது. வயரோடு கட்டிய அந்தக் காலத்து லைட் மணவறையைச் சுட்டெரித்தது. குழைக்காதன் கம்பம் நட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வடிவு குனிந்து, கண்ணைச் சுருக்கியபடி.

"பாத்தீயளா? பாக்கவே மாட்டா" என்றார்.

தாலி கட்டி முடிந்தது. அட்சதை விழுந்து ஓய்ந்தது. திரை சட்டென்று கறுத்தது.

குழைக்காதனின் கட்டைவிரல் தானாக அசைந்தது. கையில் ரிமோட் இல்லை.

"ஓட்டுங்க" என்றார்.

பியூலா ஓட்டவில்லை.

"இருட்டும்மா. ஓட்டுங்க."

"சத்தம் கேக்குதா?"

கேட்டது. நாதசுரம் நிற்கவில்லை. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"லைட்டுதான் நின்னுருக்கு. கேமரா நிக்கல" என்றாள் அவள். "அப்பா எப்பவும் லைட்டத்தான் முதல்ல அணைக்கச் சொல்லுவாரு. லைட்டு பிடிக்கிற எங்க மாமாவுக்கு முழங்கையால ஒரு இடி. கேமராவ அப்புறமாத்தான் நிறுத்துவாரு. யாருக்காவது சங்கடமா ஏதாவது விழுந்துட்டா, வீட்டுல வச்சு அத மட்டும் அழிச்சிருவாரு."

"எதுக்கு அப்படி?"

அவள் திரையைக் காட்டினாள்.

இருட்டு மெல்லத் தெளிந்தது. மண்டபத்து ட்யூப் லைட் வெளிச்சத்தில், சாம்பல் பூத்தாற்போல் மணவறை தெரிந்தது. குழைக்காதன் அந்தப் பக்கம் திரும்பி ஒரு மாமாவிடம், "பந்தி போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வடிவு தலையை நிமிர்த்தினாள்.

லைட் இருந்த திசையை ஒருமுறை பார்த்தாள். அணைந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு திரும்பி, மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

சும்மா ஓரக்கண்ணால் இல்லை. நன்றாக, முழுசாக, வாங்கிய பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவர் மீசையில் ஒரு அட்சதை அரிசி ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எடுத்துவிடக் கையைப் பாதி தூக்கினாள். யாராவது பார்ப்பார்களோ என்று மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை.

குழைக்காதன் பந்தியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

லைட் மறுபடி எரிந்தது. வடிவு குனிந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

குழைக்காதன் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவ" என்றார்.

பியூலா பின்னால் ஓட்டிப் போட்டாள்.

"இன்னொரு தடவ."

போட்டாள்.

"மீசைல அரிசி இருந்துருக்கு" என்றார். "அத வச்சுக்கிட்டே ஊரு முழுக்கப் பேசிட்டுத் திரிஞ்சிருக்கேன். ஒரு வார்த்த சொல்லலியே அவ."

பிறகு அவருக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய மனுஷர் என்றும் பார்க்காமல் துணிப்பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

"சொன்னா" என்றார். "வருஷா வருஷம் சொன்னா. பாத்தேன், பாத்தேன்னு."

பியூலா எழுந்து போய் இரண்டு காபி சொல்லிவிட்டு வந்தாள். எந்த லைட் வாங்குவது என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

*

மறுநாள் அவர் தனியாகவே கடைக்குப் போனார்.

கடைக்காரர் லைட்டுகளை வரிசையாக மேஜையில் வைத்தார். ஒன்று ரொம்பப் பிரகாசம். ஒன்றின் பேட்டரி ஒரு கல்யாணம் முழுக்கத் தாங்குமாம். இன்னொன்றில் நிறம் நிறமாக மாற்றலாமாம்.

குழைக்காதன் ஒன்றையும் கேட்டுக்கொள்ளவில்லை. கொண்டுவந்திருந்த கேமராவின் மேல் முதல் லைட்டை மாட்டினார். கேமராவைத் தூக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினார். சுவிட்ச் பின்னால் ஒளிந்திருந்தது. கீழே வைத்தார்.

இரண்டாவதை அணைக்கப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. அதையும் வைத்தார்.

மூன்றாவதில் பக்கவாட்டில் சொரசொரப்பாக ஒரு திருகு குமிழ் இருந்தது. கட்டைவிரல் போன இடத்திலேயே அது இருந்தது. திருகினார். மறுபடி திருகினார்.

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சார், கண்ணத் தொறந்து பாருங்க. எப்படி எரியுதுன்னு பாக்க வேண்டாமா?"

"எரியுறது இருக்கட்டும்" என்றார் குழைக்காதன். "அணையுதான்னு பாக்கேன்."

*

தை பிறந்தது. கோதையின் கழுத்தில் தாலி ஏறியது. மேளம் முழங்கியது. அட்சதை விழுந்தது. குழைக்காதனின் லைட் மணவறையில் நின்றது.

கோதை விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பார்வை எங்கும் போகாமல் தரையில் கிடந்தது. அப்படியே வடிவு.

குழைக்காதன் கட்டைவிரலால் குமிழைத் திருகினார்.

வெளிச்சம் போனது. கோதை பெருமூச்சு விட்டாள். நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"முடிஞ்சுதா பெரியப்பா?"

"முடிஞ்சுதும்மா" என்றார்.

கேமராவைப் பிடித்த கையை மட்டும் இறக்கவில்லை.